ஓர்வியெத்தோ: உச்சியில் கோட்டை, அடியில் தண்ணீர்

இத்தாலியின் உம்பிரியா பகுதியில், கத்தியால் அறுத்துவிட்டாற்போல் செங்குத்தாக நிற்கும் பாறைமேட்டின் மீது இருக்கிறது ஓர்வியெத்தோ. 13ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் பலர் இங்கு வந்து தங்கினர். ஊரைத் திருச்சபையின் ஆட்சியில் இறுக்கிவைக்க, கர்தினால் அல்போர்னோஸ் 1364இல் கிழக்கு முனையில் கோட்டை எழுப்பத் தொடங்கினார். ஊருக்குப் பாறையே மதில். தண்ணீர்தான் தட்டுப்பாடு.

அதற்குக் காரணம் நில அடுக்கு. மேலே இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் பாறை. நுண்துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது என்பதால் மழைநீர் அதில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அடியில் இருப்பது நீரை விடாத களிமண். இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் தேங்கும் நீர், குன்றின் சரிவில் ஊற்றாகக் கசியும். முற்றுகையிடும் படையும் அங்கேதான் கூடாரம் அடிக்கும்.

ரோமருக்கு முன் இப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர் காலத்திலேயே ஒடுக்கமான செங்குத்துக் கிணறுகளை வெட்டினார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் குடைந்த குழிகளில் கால் வைத்து ஏறி இறங்கினார்கள். இடைக்காலத்தில் வெளியிலிருந்து வாய்க்கால் வந்தது. எதிரி அதை ஓரிடத்தில் உடைத்தால் போதும். மழைநீர்த் தொட்டிகளோ கோடை நீண்டால் வற்றும்.

1527இல் ரோம் சூறையாடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் போப்பாண்டவர் ஏழாம் கிளமெந்து தப்பி இங்கு வந்து, கோட்டைக்கு அருகே கிணறு வெட்ட ஆணையிட்டார். திட்டம் கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ த சங்கல்லோவுடையது. ஏறத்தாழ 53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம்.

தண்ணீரை மேலே கொண்டுவருவதுதான் அவர் தீர்த்த சிக்கல். ஆயிரம் பேருக்குக் குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் நாளைக்கு 3,000 லிட்டர். 15 லிட்டர் வாளியால் 200 முறை இறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 50 மீட்டர் நனைந்த கயிற்றின் பாரமும் சேரும். கோவேறு கழுதை ஒன்று 80 லிட்டர் சுமந்தால் 38 நடை போதும். ஆனால் ஒற்றைச் சுழல் பாதையில் இறங்கும் கழுதையும் சுமையோடு ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளும்; ஒன்று நின்றால் வரிசையே நிற்கும்.

ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிய இரண்டு சுழல் பாதைகள். நேரெதிரே அமைந்த இரு வாசல்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றும் 248 படிகளுடன் இறங்குகின்றன. இரண்டும் எங்கும் குறுக்கிடுவதில்லை. ஒரு வாசல் வழியே இறங்கி, அடியில் நீர்மேல் கட்டிய சிறு பாலத்தைக் கடந்து, மற்ற வாசல் வழியே வெளியேறலாம். நடுக்கூடம் வெற்றிடம். அதை நோக்கித் திறக்கும் 70 சன்னல்கள் இரு பாதைகளுக்கும் வெளிச்சம் தருகின்றன. ஆழம் கூடக்கூடத் தெரியும் வானம் சுருங்கும். அடிப்படிகள் பகலிலும் மங்கல்தான். வெட்டும் முறையும் பாதியில் மாறியது. டஃப் வெட்ட எளிது, தன்னால் நிற்கும். களிமண் நீர்பட்டு நெகிழும் என்பதால் கீழ்ப்பகுதிக்குச் செங்கல் உறை.

1537இல் வேலை முடிந்தபோது கிளமெந்து உயிரோடு இல்லை. அவர் அஞ்சிய முற்றுகையும் வரவில்லை.

ஊரை உண்மையில் அரித்தது அதே களிமண்தான். அது ஊறி நெகிழும்போது மேலிருக்கும் டஃப் பிடிமானம் இழந்து, விளிம்பிலிருந்து பெரும்பாளங்களாகச் சரிகிறது. 1978இல் இத்தாலிய அரசு தனிச்சட்டம் இயற்றிக் குன்றைக் காக்கும் பணியைத் தொடங்கியது. பாறையை எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டியதோடு, ஊருக்குள் ஒழுகிய குடிநீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் புதுப்பித்தார்கள்.