காந்தத் துகள் சிகிச்சை: கட்டியைக் காட்டுவதும் சுடுவதும்

மூளைப் புற்றுக்கட்டி மீண்டும் வளர்ந்துவிட்ட ஒருவரின் மகள், எம்.ஆர்.ஐ. படங்களை என்னிடம் நீட்டி, "டாக்டர், காந்தத் துகளை ஊசியில் ஏற்றினால் அது கட்டியைப் படத்திலும் காட்டும், சுட்டும் அழித்துவிடும் என்கிறார்களே, அப்பாவுக்குச் செய்ய முடியாதா?" என்று கேட்டார். கதிரியல் மருத்துவராக இக்கேள்வியை இப்போது அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

இவை இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். எம்.ஆர்.ஐ.யில் இவை சேரும் இடம் கறுத்துத் தெரியும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெரிடெக்ஸ் மருந்து இந்த அடிப்படையில்தான் அமைந்தது: நலமான கல்லீரலின் துப்புரவு அணுக்கள் துகள்களை விழுங்கிக் கறுத்துவிட, அவ்வணுக்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளுப்பாகத் தனித்து நிற்கும். ஆனால் சிகிச்சைக்கு அந்த விழுங்கும் குணமே தடையாகிறது. இரத்தத்தில் செலுத்தியவற்றில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுவதால், கட்டியைச் சூடாக்கும் அளவுக்கு அங்கே துகள் சேர்வதில்லை. படத்திற்குச் சிறிதளவு போதும். வெப்பத்திற்கு மிக அதிகம் வேண்டும்.

அதனால்தான் பெர்லினைச் சேர்ந்த மேக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் முறையில், மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் துகள்களைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, நொடிக்கு 1 லட்சம் முறை அலையும் காந்தப்புலத்தில் நோயாளியைப் படுக்க வைத்தார்கள். அப்புலத்தில் துகள்கள் சூடாகும்; அந்த வெப்பம் புற்றணுக்களைக் கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாக்கும். ஐரோப்பாவில் 2010-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. 2011-இல் வெளியான ஆய்வில், கட்டி திரும்ப வந்து, கதிர்வீச்சுடன் இச்சிகிச்சையும் பெற்ற 59 பேரில் பாதிப்பேர், முதன்முறை திரும்ப வந்தது கண்டறியப்பட்டதிலிருந்து 13.4 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க, இச்சிகிச்சை பெறாத குழு அந்த ஆய்வில் இல்லை.

இச்சிகிச்சையைப் புகழும் காணொளிகள் சொல்லாத ஒன்று உண்டு. அவ்வளவு இரும்பு தேங்கியபின் அப்பகுதியை எம்.ஆர்.ஐ.யில் பார்க்கவே முடியாது; கட்டி சுருங்கியதா, வளர்ந்ததா என்று அறிய நாங்கள் பெரிதும் நம்பும் கருவி அங்கே குருடாகிவிடும். காட்டுவதும் சுடுவதும் ஒரே துகளால் முடியும் என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை. நோயாளியின் உடலில் இன்னும் ஒன்றையொன்று தடுக்கின்றன. இதை அந்தப் பெண்ணிடம் பொறுமையாக விளக்கி, குறித்திருந்த கதிர்வீச்சுச் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

இன்னொன்று. இரத்தசோகைக்குத் தரப்படும் ஃபெரூமாக்ஸிட்டால் ஊசியிலும் இத்தகைய இரும்புத் துகள்களே உள்ளன. அது 3 மாதம் வரை எம்.ஆர்.ஐ. படத்தை மாற்றிக் காட்டக்கூடும். இரும்புச்சத்து ஊசி போட்டிருந்தால், அதன் பெயரையும் தேதியையும் ஸ்கேனுக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.