மோனேயின் சூரியன் உதித்த தேதி

'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஓவியத்தின் மூலையில் அதை வரைந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயே '72' (1872) என்று எழுதிவைத்திருக்கும்போது, அது எந்த ஆண்டு வரைந்தது என்று ஆய்வாளர்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓவியர்கள் தேதியைப் பல மாதம் கழித்தும் போடுவார்கள், அப்போது நினைவு பிசகும். மோனேயின் படைப்புகளை முழுமையாகப் பட்டியலிட்ட டேனியல் வில்டென்ஸ்டைன், இது 1873இல் வரைந்ததாகவே இருக்கும் என்று நினைத்தார்.

1874இல் பாரிஸ் கண்காட்சியில் இந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் கிண்டலடித்ததும், அந்தக் கிண்டலே இம்ப்ரெஷனிசம் என்று ஓர் இயக்கத்துக்குப் பெயரானதும் பலருக்குத் தெரிந்த கதை. சரி, தேதிக்கு வருவோம்.

2014இல் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழக வானியலாளர் டொனால்ட் ஓல்சன் இதைக் கையில் எடுத்தார். பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒப்பிட்டதில், பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்திருந்த ஒரு ஹோட்டல் அறையிலிருந்து மோனே வரைந்தது உறுதியானது. பார்வை தென்கிழக்கே போகிறது. சூரியன் அடிவானத்துக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே நிற்கிறது, அதாவது உதித்து இருபது முப்பது நிமிடம் ஆகியிருக்கும். அந்தத் திசையில் அந்த உயரத்தில் சூரியன் தெரிவது வருடத்தில் இரண்டே சமயம்: நவம்பர் நடுவில் தெற்கே போகும்போது, ஜனவரி கடைசியில் திரும்பி வரும்போது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்துதான். லெ ஆவ்ரில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறி இறங்கும் வித்தியாசம் சில நாட்களில் ஏழு மீட்டரைத் தாண்டும். தண்ணீர் வற்றினால் பெரிய பாய்மரக் கப்பல்கள் அசைய முடியாது. உயர் ஓதத்தை ஒட்டிய மூன்று நான்கு மணி நேரம்தான் உள்துறைமுகத்தின் மதகுகள் திறந்திருக்கும். ஓவியத்தில் பெரிய கப்பல்கள் வெளித்துறைமுகத்தில் நிற்கின்றன. அப்படியென்றால் அது விடியற்காலையில் ஓதம் ஏறியிருந்த நாள். ஓதமோ சந்திரனைப் பின்தொடர்வது, தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் உயர் ஓதமும் சூரியோதயமும் ஏறக்குறைய ஒன்றுசேர்வது பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சில நாட்கள் மட்டும். திதியை வைத்து நல்ல நேரம் குறித்துத் தருபவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு துறைமுகத்தில் தண்ணீர் எப்போது ஏறும் என்பதைத் திதி உண்மையாகவே சொல்லும்.

சூரியனையும் ஓதத்தையும் சேர்த்துச் சலித்ததில் 19 தேதிகள் மிஞ்சின. அந்நாளைய வானிலைக் குறிப்புகளைப் பார்த்து, புயலும் மழையுமாக இருந்த நாட்களைத் தள்ளினார்கள், ஆறு தேறின. ஓவியத்தில் புகை இடமிருந்து வலமாகச் சாய்கிறது, அப்போது காற்று கிழக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கும் பொருந்தியவை இரண்டே நாட்கள்: 1872 நவம்பர் 13, 1873 ஜனவரி 25.

இதற்கெல்லாமா பணம் செலவழிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 150 வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா தினமும் காற்றின் திசையை எழுதிவைத்ததும், யாரோ அந்தக் காகிதத்தைக் கரையான் தின்னாமல் காப்பாற்றியதும்தான் இந்த ஆய்வுக்கு முதலீடு. ஆவணக் காப்பகங்களுக்குக் காசு ஒதுக்கக் கணக்குப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இரண்டில் எது என்பதை ஓதமும் சூரியனும் காற்றும் சொல்லவில்லை. அதற்கு மூலையில் இருந்த அந்த '72'ஐத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1872 நவம்பர் 13, உள்ளூர் நேரம் காலை 7.35 என்று ஓல்சன் குறித்தார்.