பித்தளைத் தோட்டா ஏன் இன்னும் போகவில்லை?

"உறையே இல்லாத தோட்டாவைச் செய்து பார்த்துவிட்டார்கள். பிளாஸ்டிக் உறையும் வந்தாயிற்று. அப்புறம் ஏன் அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் காலிப் பித்தளையைப் பொறுக்கிக்கொண்டு போய் மறுபடி நிரப்புகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காசு மிச்சமாகும் என்பது பாதிப் பதில். மீதிப் பாதி உலோகவியல்; எனக்கு மிகவும் பிடித்த பாதி அது.

தோட்டாவின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததே. அடியில் தட்டினால் தீப்பொறி விடும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு, எல்லாவற்றையும் பிடித்து வைக்க ஓர் உறை. ஊசி ப்ரைமரைத் தட்டும், மருந்து பற்றும், வாயு குண்டைத் தள்ளும். .308 போன்ற ரைபிள் தோட்டாவில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 4,000 மடங்கு வரை ஏறும். குண்டு குழலை விட்டு வெளியேற ஒன்றிரண்டு மில்லிநொடி போதும்.

அந்த மில்லிநொடியில் உறை என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்கு அறை என்று பெயர். தோட்டா அதற்குள் சுலபமாக நுழைய வேண்டும் என்பதால் உறையைச் சுற்றி மயிரிழை இடைவெளி இருக்கும். வாயு அதன் வழியே பின்னால் பாய்ந்தால் சுடுகிறவர் முகத்துக்கே ஆபத்து. அதற்குள் உறையின் மெல்லிய கழுத்து உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, வழி அடைபடுகிறது. உப்பும்போது பித்தளை தன் மீட்சி எல்லையை, அதாவது விட்டதும் பழைய வடிவுக்கு முழுதாகத் திரும்பும் வரம்பை, தாண்டிவிடுகிறது. அறையின் எஃகுச் சுவரும் சற்று விரிகிறது, ஆனால் மீட்சி எல்லைக்குள்ளேயே. அழுத்தம் விழுந்ததும் இரண்டும் சுருங்குகின்றன. எஃகு சுருங்குவதைவிட உறை ஒரு துளி அதிகமாகச் சுருங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அறை உறையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், காலி உறை வெளியே வராது.

ஓர் உலோகம் எவ்வளவு மீளும் என்று தெரிய, அதன் மீட்சி எல்லைத் தகைவை (அந்த எல்லையில் ஒவ்வொரு அலகுப் பரப்பும் தாங்கும் விசை) யங் குணகத்தால் (உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்) வகுத்தால் போதும். பித்தளையின் யங் குணகம் சுமார் 110 கிகாபாஸ்கல், எஃகுக்கு 200. தோட்டாப் பித்தளையில் 70 சதவீதம் தாமிரம், 30 சதவீதம் துத்தநாகம். குளிர்ந்த நிலையில் இழுத்து உருவாக்குவதால் அது இறுகி வலுப்பெறுகிறது. வலிமை அதிகம், குணகம் குறைவு, ஆகவே நன்றாக மீளும். சுத்தத் தாமிரம் இதற்கு மிகவும் மிருது. மென்னெஃகோ குறைவாக மீளும். எஃகு உறையோடு வந்த சோவியத் 7.62×39 தோட்டாவை (ஏகே-47 துப்பாக்கியின் தோட்டா) பாருங்கள், நன்றாகக் கூம்பியிருக்கும். கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டு விலகிவிடும். அழுத்தம் அளவு மீறினால் பித்தளையும் சிக்கும். அறையின் பின்புறத்தை மூடும் போல்ட்டைத் தூக்குவது கைக்குக் கடினமானால் அனுபவசாலிகள் அத்தோடு சுடுவதை நிறுத்திவிடுவார்கள்.

சுட்ட உறை அந்தத் துப்பாக்கி அறையின் வார்ப்பாகவே வெளியே வரும். அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் 1866-இல் காப்புரிமை பெற்ற ப்ரைமர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசியால் குத்திப் பழைய ப்ரைமரைத் தள்ளிவிடலாம், அதுவும் இந்தப் பழக்கம் பரவ உதவியது. ஆனால் கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் இறுகி ஒடிவதுபோல, உப்பி அழுந்தி உப்பி அழுந்தி உறையின் கழுத்தும் ஒருநாள் விரிசல் விடும். அதற்கு முன் கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதம் தணிப்பார்கள். அடிப்பாகம் இறுகியே இருக்க வேண்டும், அதற்குச் சூடு போகக் கூடாது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மங்கல் வளையம் தெரியும். அது இந்தச் சூடு பட்ட தடம்.

இந்தக் கதையில் நம் நாட்டுப் பருவமழைக்கும் ஓர் இடம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் தோட்டாக்களைச் சேமித்தது. மழைக்காலத்தில் யாரும் தொடாமலே பித்தளை உறைகள் விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை 1921-இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றில் தாமிரத்தைத் தாக்குகிறது. உறையை இழுத்துச் செய்தபோது உள்ளே தங்கிவிட்ட தகைவு அந்த இடத்தைப் பிளந்து திறக்கிறது. மிதமாகச் சூடாக்கி அந்தத் தகைவைப் போக்கினால் தீர்ந்தது. இன்றும் ரீலோடிங் செய்பவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைத் தொடமாட்டார்கள். அரைத்த வால்நட் ஓட்டோடு போட்டு உருட்டித்தான் உறையைத் துலக்குவார்கள். புதுக் கருவிக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது பழைய பொருள் ஏன் உடைகிறது என்ற கேள்விக்கும் போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, புதியவை ஏன் வெல்லவில்லை? ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் ஜி11 ரைபிளுக்காக உறையில்லாத் தோட்டாவைப் பல ஆண்டுகள் உருவாக்கியது. காலிப் பித்தளை வெளியே விழும்போது வெப்பத்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டு போகும். அது இல்லாததால் அறை சூடேறி, தோட்டா தானாகவே பற்றிக்கொண்டது. எளிதில் பற்றாத மருந்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். ஆனால் பனிப்போர் முடிந்து இரு ஜெர்மனிகளும் இணைந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. ரெமிங்டன் 2000 வாக்கில் கொண்டுவந்த மின்பற்றவைப்பு ரைபிளையும் வாங்க ஆளில்லை.

பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் அறிவியலோடு நிற்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். மூன்று குண்டு சுட்டு, துளைகள் நெருங்கி விழுந்தால் "இந்தக் கலவைதான் ராசி" என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். மூன்று குண்டில் தெரிவது பெரும்பாலும் தற்செயல். நிறையச் சுட்டுச் சராசரியும் சிதறலும் பார்க்காமல் சொல்வதெல்லாம் வெறும் நம்பிக்கைதான்.

அமெரிக்க ராணுவம் 2022-இல் புதிய 6.8 மில்லிமீட்டர் ரைபிளுக்கு சிக் சாவர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. போட்டியில் பிளாஸ்டிக் உறைத் தோட்டாவும் இருந்தது. வென்ற தோட்டாவில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு. அதைத் தனிப் பித்தளையின் அடிப்பாகம் தாங்காது என்பதால் அடியை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் செய்தார்கள். அறையை அடைக்க வேண்டிய சுவரும் கழுத்தும் இன்னமும் பித்தளைதான்.