காளான் பொறுக்கும் எஞ்சினியர்

செல்லூரில் அக்கா வீட்டு மாடியறை. ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் வெக்கை குறையவில்லை. அக்கா மகன் கம்ப்யூட்டரில் 'ரிஸ்க் ஆஃப் ரெயின் 2' ஆடிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே காளான். லாட்டரி விழுந்தவன் மாதிரி ஒரே ஆர்ப்பாட்டம்.

அந்தக் காளானின் விவரத்தை வாங்கிப் படித்தேன். ஒரு நொடி அசையாமல் நின்றால் 3 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் உருவாகும். அதற்குள் இருக்கும் நம் ஆட்களுக்கு நொடிக்கு 4.5% உயிர் ஏறும். நாலா பக்கமும் அரக்கர்கள் பாய்கிற ஆட்டத்தில் நின்றால் பரிசாம். வாடிவாசலுக்கு எதிரே பாய் விரிப்பவனுக்குத் தலையணை இலவசம் என்பது போல.

"மாப்ள, இதை வச்சு என்னடா பண்ணுவ?"

"எனக்கில்ல மாமா. என் டர்ரெட்டுக்கு."

டர்ரெட் என்றால் தரையில் நட்டால் தானாகச் சுடும் துப்பாக்கி. அந்தப் பதிலுக்குள் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது.

இந்த வகை ஆட்டத்துக்கு ரோக்லைக் என்று பெயர். 1980இல் வெளிவந்த 'ரோக்' என்ற ஆட்டம்தான் பாட்டன். எழுத்துகளையே படமாக வைத்து ஓடிய அதில் ஒவ்வொரு முறையும் பாதாளம் புதிதாகப் பிறக்கும். செத்தால் மறுபடி முதலிலிருந்து. பேரப்பிள்ளைகளிலும் விதி ஏறக்குறைய இதுதான். என்ன பொருள் கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. கிடைத்ததை வைத்து ஆளை எப்படி வளர்க்கிறோம் என்பதைத்தான் 'பில்ட்' என்கிறார்கள்.

மாப்பிள்ளை ஆடும் எஞ்சினியர் ஒரு கோணல் பாத்திரம். மற்றவர்கள் ஓடியபடி சுடுவார்கள், வாள் வீசுவார்கள். இவன் இரண்டு டர்ரெட்டுகளைத் தரையில் நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வான். ஆனால் இவன் எடுக்கும் பெரும்பாலான பொருட்களின் பலன், நட்ட டர்ரெட்டுகளுக்கும் முழுசாகப் போய்ச் சேரும். பரோட்டாக் கடை முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாவு வீசத் தெரியாது. கல்லருகே இரண்டு மாஸ்டர்கள் நிற்கிறார்கள். முதலாளி ஒரு கரண்டி வாங்கினால் இரு மாஸ்டர்கள் கையிலும் தானாக ஒரு கரண்டி முளைக்கிறது. ஒன்று வாங்கினால் மூன்று.

இப்போது காளானுக்கு வருவோம். மற்ற பாத்திரங்களுக்கு நிற்பது என்றால் சாவு. நட்ட டர்ரெட்டுக்கோ நிற்பது மட்டும்தான் வேலை. 'அசையாமல் இருந்தால்' என்ற நிபந்தனை எப்போதும் நிறைவேறிக்கொண்டே இருக்கும். கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு காளானுக்கும் 2.25% சேரும், வட்டமும் விரியும். ஐந்து காளான் என்றால் நொடிக்கு 13.5%. காலியாகப் போன உயிர் எட்டு நொடிக்குள் நிரம்பிவிடும். ஊரே தூக்கிப் போடும் பொருள் இவனுக்குத் தங்கமாவது இப்படித்தான்.

கோணல் இன்னொரு விதத்திலும் வேலை செய்யும். இன்னொரு ரோக்லைக்கான 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' வரிசையில் 'தி லாஸ்ட்' என்று ஒரு பாத்திரம். ஓர் அடி பட்டால் ஆள் காலி. அவனுக்கு உயிர் கூட்டும் பொருளெல்லாம் குப்பை. பல பொருட்களை யோசிக்காமலே ஒதுக்கிவிடலாம் என்பதால், எதை எடுப்பது என்ற தலைவலி குறைகிறது. எல்லாம் ஓரளவு வருகிற சமர்த்துப் பாத்திரத்தில்தான் எனக்குக் குழப்பம் அதிகம்.

சரி, காளான் வேண்டும் என்று முடிவாயிற்று. கிடைக்க வேண்டுமே? சின்னப் பெட்டியில் ஐந்துக்கு நான்கு முறை வெள்ளைத் தரப் பொருள், அதாவது சாதாரண ரகம் வரும், காளானும் வெள்ளைதான். ஆனால் அந்தத் தரத்தில் இருபதுக்கும் மேல் உண்டு. நூறு பெட்டி உடைத்தால் மூன்று நான்கு காளான் தேறலாம். அதற்குள் கடிகாரம் ஓடிவிடும். இந்த ஆட்டத்தில் நேரம் போகப் போக எதிரிகள் பலசாலி ஆவார்கள். பெட்டி தேடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

ஆகவே மாப்பிள்ளை தேடுவது பெட்டியை அல்ல, ஆட்டத்துக்குள் இருக்கும் பிரிண்டர் என்ற இயந்திரத்தை. அது ஒரே ஒரு பொருளைக் காட்டிக்கொண்டு நிற்கும். நம்மிடம் உள்ள அதே தரப் பொருள் ஒன்றை விழுங்கிவிட்டு, காட்டியதைத் தரும். எதை விழுங்கும் என்பது அதன் இஷ்டம். ஆனால் வேண்டாததை முன்கூட்டியே ஸ்கிராப்பர் என்ற இன்னொரு இயந்திரத்தில் போட்டு உடைத்து வைத்திருந்தால், அந்த உடைசலைத்தான் முதலில் விழுங்கும். பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதைப் போட்டுவிட்டுப் பாத்திரக் கடைக்குப் போகிற புத்தி.

அப்புறம், ஒரே பொருளைக் குவிப்பதிலும் கணக்கு உண்டு. மூக்குக் கண்ணாடி என்ற பொருள் ஒன்றுக்கு 10% என்று, இரட்டை அடி விழும் வாய்ப்பைக் கூட்டும். நேர்க் கூட்டல், பத்தோடு நூறு நிறைந்துவிடும், பதினொன்றாவது வீண். ஊசி என்ற பொருள் ஒன்றுக்குச் சுடும் வேகம் 15% ஏறும். பத்து இடம் இருந்தால் எதை நிரப்புவது? பத்தும் கண்ணாடி என்றால் அடி 2 மடங்கு. பத்தும் ஊசி என்றால் 2.5. ஆறு ஊசி, நாலு கண்ணாடி என்றால் 1.9 பெருக்கல் 1.4, அதாவது 2.66. ஒரே வகைப் பலன்கள் தமக்குள் கூடுகின்றன, வேறு வகைகள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. கலப்பு ஜெயிப்பது அதனால்தான்.

கரடி பொம்மைதான் எனக்குப் பிடித்த தந்திரம். 15% வாய்ப்பில் அடியைத் தடுக்கும் என்று விவரம் சொல்கிறது. நேராகக் கூட்டினால் ஏழு பொம்மையில் சாகாவரம். ஆட்டத்தைச் செய்தவர்கள் அதற்கு இடம் வைக்கவில்லை. பொம்மை எண்ணிக்கையை 0.15ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, ஒன்றை அதனால் வகுத்தால் கிடைப்பது அடிபடும் வாய்ப்பு. ஒரு பொம்மைக்குத் தடுப்பு 13%. பத்துக்கு 60%. இருபதுக்கு 75%. நூறு சேர்த்தாலும் 94%ஐ எட்டாது. நூறை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், தொடவே தொடாது.

அன்று மாப்பிள்ளையிடம் ஆறு காளான் சேர்ந்திருந்தது. இரண்டு டர்ரெட்டையும் ஒட்டி நட்டு, நடுவில் தானும் நின்றுகொண்டான். சுற்றிலும் பச்சை வட்டம். பெரிய அரக்கன் ஒருவன் தீயைக் கொட்டுகிறான். உயிர்க் கோடு இறங்குகிறது, உடனே ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. "இவன் இன்னும் ரெண்டு நிமிசம் தாங்க மாட்டான் மாமா" என்றான்.

கரண்ட் போய்விட்டது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை நடுவில் சேமித்து வைக்க இதில் வழியில்லை. வீட்டில் யுபிஎஸ்ஸும் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் மறுபடி எஞ்சினியரையே எடுத்தான். முதல் பெட்டியில் கரடி பொம்மை. "பதிமூணு பெர்சன்ட்" என்றேன். முறைத்தான்.