கல் கப்பலேறும், அமிலம் ஏறத் தயங்கும்

நாகர்கோவிலில் ஏசிக்கு கேஸ் அடிக்க வரும் மெக்கானிக்கைக் கவனித்திருப்பீர்கள். சிலிண்டரை ஒரு சின்ன எடை மெஷின் மேல் வைத்து, எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வால்வைத் திறப்பார். புது ஏசி என்றால் பெரும்பாலும் ஆர்-32. அதன் எடையில் சுமார் 73 சதவீதம் ஃபுளோரின். கணக்குப் போட்டால், ஒரு கிலோ கேஸுக்குக் குறைந்தது ஒன்றரை கிலோ ஃபுளோர்ஸ்பார் கல் வேண்டும், ஃபுளோரின் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கல் சீனா, மெக்சிகோ, மங்கோலியா, தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில்தான் நிறையக் கிடைக்கிறது, இந்தியாவுக்குத் தேவையானதில் பெரும்பகுதி இறக்குமதி.

ஃபுளோர்ஸ்பார் என்பது கால்சியம் ஃபுளோரைடு. ஊதா, பச்சை என்று பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வியாபாரத்தில் அழகுக்கு மதிப்பில்லை, 97 சதவீதம் என்ற எண்ணுக்குத்தான் மதிப்பு. அதற்குக் கீழே தூய்மை உள்ளது இரும்பு உலையில் கசடை இளக்கப் போகும். அதற்கு மேல் என்றால் 'ஆசிட் கிரேடு', சுங்கத்தில்கூட அதற்குத் தனி எண். மாவாக அரைத்து, தூசி பறக்காமலிருக்க ஈரத்தோடே கப்பலில் ஏற்றுவார்கள், விலையை மட்டும் உலர் எடைக்குப் பேசுவார்கள் (தண்ணீருக்கு யார் காசு கொடுப்பது?). இந்த மாவில் மணல் கலந்திருந்தால் வாங்குபவருக்கு நஷ்டம், ஏனென்றால் மணலில் உள்ள சிலிக்கா 60 கிராம் இருந்தால் 80 கிராம் அமிலத்தைத் தின்றுவிடும்.

எந்த அமிலம்? ஹைட்ரஜன் ஃபுளோரைடு. மாவையும் கந்தக அமிலத்தையும் சுழலும் சூளையில் போட்டுச் சூடாக்கினால் அது வாயுவாக வரும், ஒரு டன் அமிலத்துக்கு மூன்றரை டன் அளவுக்கு ஜிப்சம் மிஞ்சும். இங்கேதான் வியாபாரத்தின் முடிச்சு. இந்த அமிலம் 19.5 டிகிரியிலேயே கொதிக்கும், அதாவது நாகர்கோவில் மார்கழி விடியற்காலையில்கூடத் திரவமாக நிற்காது, மலைமேல் இருக்கும் முத்துக்குழிவயலில் வேண்டுமானால் நிற்கலாம். கண்ணாடியை அரிக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயமே நின்றுபோகலாம். 2012-இல் தென்கொரியாவின் குமியில் கசிந்து 5 பேர் இறந்தார்கள். அதனால் கல்லைப் போல இதைக் கப்பல் கப்பலாக யாரும் அனுப்புவதில்லை. தனித் தொட்டிகளில் போகும், கூடியவரை பக்கத்து ஊருக்கே. மற்றபடி ஆலைக்குள்ளேயே கேஸாகவோ டெஃப்லானாகவோ லித்தியம் பேட்டரிக்கான உப்பாகவோ மாற்றிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள்.

ஆகவே கல் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, சூளை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம் என்பது என் எண்ணம். ஜூலை 2019-இல் ஜப்பான், தென்கொரியாவுக்குப் போகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. ஜப்பானே ஃபுளோர்ஸ்பாரை வெளியிலிருந்து வாங்குகிற நாடு! ஆனால் சிப் தயாரிக்கத் தேவையான அதிதூய அமிலத்தை வடித்தெடுக்கும் வித்தை அவர்கள் கையில் இருந்தது, கொரிய சிப் ஆலைகள் பதறிப்போயின.

அப்புறம், நம் மணவாளக்குறிச்சி மணல் ஆலை. அங்கே கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் நியோடிமியம் இருக்கிறது, காந்தத்துக்கு ஆகும் உலோகம். ஆனால் அதன் ஆக்சைடை உலோகமாக்க, உருகிய ஃபுளோரைடு உப்புக் குளியலில் போட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். மணல் நம் கடற்கரையில் இருந்தாலும், அந்தக் குளியலுக்கான ஃபுளோரினுக்கும் ஏதோ ஒரு கல் எங்கோ கப்பலேற வேண்டும்.