கணக்குக் காட்டாச் சொத்து

ஹாங்காங் போலீஸில் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்த பீட்டர் காட்பரைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைப் போன வாரம் படித்தேன். ‘விளக்கப்படாத சொத்துகளை வைத்திருந்ததாக’ அவர் மேல் புகாராம். ஆங்கில ‘unexplained’-ஐ அப்படியே பெயர்த்த இந்த ‘விளக்கப்படாத’ கண்ணில் படுவது எத்தனையாவது தடவை என்றே தெரியவில்லை. சொத்து வாங்கிய பணம் எப்படி வந்தது என்று காட்டச் சொல்லி 2018-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற ஆணையும் இங்கே ‘விளக்கப்படாத செல்வ ஆணை’ ஆகிவிட்டது.

விளங்கு தன்வினை, விளக்கு பிறவினை. மங்கிக் கிடப்பதைத் துலக்குவதுதான் அடிப்படைப் பொருள். பாத்திரம் விளக்குகிறோம், உரைகாரர் பாட்டை விளக்குகிறார். சரி, ஓர் அதிகாரியின் மூன்று மாடி வீட்டில் விளங்காதது என்ன இருக்கிறது? தெருவில் போகிற எல்லாருக்கும் அது பளிச்சென்று தெரிகிறது. எந்தப் பணத்தில் கட்டினார் என்பதுதான் கேள்வி.

அரசு அலுவலகத்தில் ‘விளக்கம்’ எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் மெமோ வரும். ‘உடல்நலக் குறைவால் தாமதமாகிவிட்டது, இனி இவ்வாறு நிகழாது’ என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் அதுவே விளக்கம். அது வெறும் வாய்ச்சொல். சொத்து வழக்கில் வாய்ச்சொல் எடுபடாது. மாமனார் கொடுத்தது, மனைவி கறவை மாடு வைத்துச் சம்பாதித்தது, பூர்வீக நிலத்து வெள்ளாமை என்று எதைச் சொன்னாலும் ரசீது எங்கே, பத்திரம் எங்கே, வங்கிப் புத்தகம் எங்கே என்றுதான் கேட்பார்கள். அதற்குத் தமிழில் பெயர் கணக்குக் காட்டுவது. கோயில் தர்மகர்த்தாவிடமும் சீட்டுப் பிடிப்பவரிடமும் ஊர் கேட்பது அதைத்தானே!

நம் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தெரிந்த வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து இருந்து, அதற்கு அரசு ஊழியரால் திருப்தியாகக் கணக்குச் சொல்ல முடியாவிட்டால் குற்றம். முழுக்க முழுக்கக் கூட்டல் கழித்தல். தொடக்கத்தில் என்ன இருந்தது, முடிவில் என்ன இருக்கிறது, நடுவில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு. இந்தச் சட்டத்துக்கு முன்பே, 1976-இல் ஒரு வழக்கில், வருமானத்தை விடப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே சொத்து மிஞ்சுகிறது என்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. அந்தப் பத்து விழுக்காட்டை வைத்து இன்றுவரை வாதாடுகிறார்கள்.

‘கணக்கில் வராத’ என்று எழுதலாமே என்பார்கள். கூடாது. சார்பதிவாளர் அலுவலகச் சோதனையில் மேசை இழுப்பறையில் சிக்கும் ரொக்கத்துக்கு அது பொருந்தும். வீடும் நிலமும் அப்படியல்ல. முறையாகப் பதிவாகி, வில்லங்கச் சான்றிலேயே ஏறியிருக்கும். ஏட்டில் அவை இருக்கின்றன, வாங்கிய பணத்துக்குத்தான் கணக்கு இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய வருத்தம் நம் பத்திரிகைகளின் ‘சொத்துக் குவிப்பு வழக்கு’. குவிப்பது குற்றமா? களத்தில் நெல்லைக் குவிக்கிறோம். டீக்கடைத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி ஓடியபோது என் சித்தப்பா கேட்டார்: “ஏம்ப்பா, சம்பாதிச்சுக் குவிச்சா உள்ள தூக்கிப் போட்டுருவானா?” அவர் நாற்பது வருடம் வெங்காய மண்டி நடத்தியவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ‘வருமானத்துக்கு அதிகமாக’ என்ற உயிரான பாதியைத் தலைப்புக்கு நீளம் என்று வெட்டிவிட்டால், மிஞ்சுகிற சொல்லில் குற்றமே இல்லை. பணக்காரர் என்பதால் பழிவாங்குகிறார்கள் என்று கட்சிக்காரர்கள் மேடையில் பேச அந்த வெட்டு வசதியாகப் போகிறது.

இருக்கும் சொத்து வருமானத்தைத் தாண்டுகிறது என்பது மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வரவுக்கு மிஞ்சிய சொத்து’ எனலாம். கேட்டும் கணக்கு வராத இடத்தில் ‘கணக்குக் காட்டாச் சொத்து’. காட்டாத என்று விரித்தாலும் சரிதான். இரண்டையும் கலக்காமல் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒரு கணக்குப்பிள்ளையிடம் கேட்டிருந்தாலே போதும், இந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கும். செயப்பாட்டு வினையால் இன்னொரு கெடுதலும் உண்டு. ‘விளக்கப்படாத’ என்றால் யார் விளக்கவில்லை? போலீஸா, பத்திரிகையா, அரசா? பொறுப்பு யாருடையது என்பதே மறைந்துபோகிறது. காட்டாதவர் அந்த அதிகாரி.

காட்பர் பத்தியை எனக்காக ஒரு தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன்:

‘1973-இல் காட்பரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் இருந்தது தெரியவந்தது. இருபது வருடச் சம்பளத்தைக் கூட்டினாலும் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் தேறும். கணக்குக் காட்டச் சொல்லி ஒரு வாரம் கெடு கொடுத்தார்கள். கெடு முடிவதற்குள், விமான நிலையத்துக்கான போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். கணக்குக் காட்டாச் சொத்து வைத்திருப்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் குற்றமில்லை. அதனால் லஞ்சம் வாங்கிய வழக்கில்தான் அவரை 1975 ஜனவரியில் ஹாங்காங்குக்குத் திரும்பக் கொண்டுவர முடிந்தது.’