பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடுமா?

காரைக்குடியில் என்னிடம் வரும் பெரியவர்களிடம் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலும் ஒரே மறுப்புத்தான் வரும்: "சுத்தம் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே." சென்ற ஆண்டு தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆச்சியும் அதையே சொன்னார். பேத்தி திருமணத்துக்குத் தாம் முன்னின்று செய்வித்த சீப்புச்சீடையில் ஒன்றைக்கூடக் கடிக்க முடியவில்லை என்ற வருத்தம்தான் அவரை என்னிடம் வரவழைத்தது. பல் துலக்கும்போது சில ஆண்டுகளாகவே இரத்தம் வருவதை அவர் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அவருடைய கீழ் முன்பற்களின் உட்புறத்தில், உமிழ்நீர் வந்து சேரும் இடத்தில், ஆறு பற்களையும் ஒரே கட்டியாக இணைத்தபடி காரை, அதாவது பல்லில் கல்போல இறுகிய அழுக்கு, படிந்திருந்தது. அதை எடுத்து முடித்ததும் நாக்கால் தடவிப் பார்த்தவர், "இருந்த பல்லையும் ஆட்டிவிட்டீர்களே, தம்பி" என்றார். பஞ்சில் கிடந்த பழுப்புத் துண்டுகளைக் காட்டி, பற்களுக்கிடையே அவர் உணரும் சந்து இந்தக் காரை இத்தனை நாளும் அடைத்திருந்த இடமே என்றும், பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்துவிட்டது என்றும், ஆட்டம் வெளியே தெரியாதபடி காரை பிடித்து வைத்திருந்தது என்றும் விளக்க வேண்டியிருந்தது. அவர் முழுமையாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன்.

எந்தச் சிகிச்சை தேவை என்பதை முடிவு செய்வது வலியன்று. ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதேயில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஆழத்தை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளக்கிறோம். இரத்தக் கசிவின்றி 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் கவலையில்லை. 4 மி.மீ.க்கு மேல் போய், எக்ஸ்ரேயிலும் எலும்புத் தேய்மானம் தெரிந்தால், வெறும் ஈறு வீக்கம் என்ற கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். வீக்கம் மட்டும் இருந்தால் சுத்தம் செய்து, ஒழுங்காகத் துலக்கினாலே ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். கரைந்த எலும்பு அப்படித் திரும்பாது. அதனால் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் "எனக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஆழம் கூடியவர்களுக்கும் முதல் சிகிச்சை அறுவை அன்று. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையையும் கிருமிப் படலத்தையும் அகற்றுவதுதான் முதலில் செய்யப்படுவது. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து இரண்டு அல்லது மூன்று அமர்வுகளில் முடிப்போம். வீக்கம் வற்றியதும் ஈறு சற்றுக் கீழிறங்கிப் பல் நீண்டதுபோலத் தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரங்களுக்குக் கூச்சமும் இருக்கலாம். இதைக் கண்டுதான் பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் அளந்து பார்த்தால், பெரும்பாலோருக்கு ஆழம் குறைந்திருக்கும்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிச் சமாளிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருமிப் படலத்தையும் காரையையும் கையால் அகற்றாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தால் பயன் நிலைக்காது. வீக்கம் நாலு நாள் அடங்கும், பிறகு வரும். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு மருந்தும் அப்படித்தான். ஓரிரு வாரங்களுக்கு உதவும், அதற்குமேல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை படியும், சுவையும் மாறும்.

மறு அளவிலும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நிற்கும் இடங்களில்தான் ஃபிளாப் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறேன். ஈறைச் சற்று விலக்கி, வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து, தையல் போடுவது அது. தையலை ஒரு வாரம் பத்து நாளில் பிரிப்போம். எலும்புத் துகள் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். எலும்பு கிண்ணம்போலக் குழிந்து, சுற்றிலும் சுவர் நிற்கும் இடத்தில் வைத்தால் பயன் உண்டு. எல்லாப் பக்கமும் மட்டமாகக் கரைந்துவிட்டிருந்தால் வைத்த துகள் எதில் நிற்கும்? சுவரே இல்லாத வீட்டில் மண்ணைக் கொட்டியது போல்தான்.

சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் இவற்றில் எதுவும் சரியாக ஆறாது. ஆகவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டு வாருங்கள். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தால் அந்தச் சராசரியும் சிறிதளவு குறைகிறது. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுவோரில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். ஆனால் அதையோ, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றிய பிறகும் ஈறில் கசிவு குறைவாகவே இருக்கும் என்பதால், இரத்தம் வரவில்லை என்பதை ஆரோக்கியம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆச்சிக்கு ஆட்டம் கண்ட முன்பற்களை உட்புறமாக மெல்லிய கம்பியாலும் பசையாலும் ஒன்றோடொன்று இணைத்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் வேர்கள் பிரியும் இடம் வரை எலும்பு போயிருந்ததால் அதை எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற இடங்களில் 6 ஆக இருந்த அளவு 4-க்கு வந்திருக்கிறது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். பற்சந்துகளுக்கான சிறு தூரிகையைக் கைப்பையில் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். பெட்டியை எடுத்துவிடும்படி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.